கிழக்குக் கடற்கரைச் சாலை யார் பொறுப்பில் இருக்கிறது? மாநில நெடுஞ்சாலை பற்றி ஓர் எளிய விளக்கம்

திருவான்மியூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரியில் இறங்கும் பயணிக்கு, இடையிலுள்ள ஏறத்தாழ 150 கி.மீ. தூரமும் ஒரே சாலையாகத்தான் தெரியும். அரசுப் பதிவேடுகளிலோ அது பல துண்டுகளாகக் கிடக்கிறது. திருவான்மியூர் முதல் அக்கரை வரையிலான பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கிறது. அக்கரையைத் தாண்டியதும் சுங்கம் வசூலித்துச் சாலையைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் எல்லை தொடங்குகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அகலப்படுத்தும் பணியைச் செய்வது இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம். காலாப்பட்டை அடையும்போது மாநில எல்லையே மாறிவிடுகிறது. மாநில நெடுஞ்சாலை 49 என்று நீண்ட காலம் அறியப்பட்ட இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வழியையும் வரலாற்றையும் தெரிந்துகொண்டால், மாநில நெடுஞ்சாலை என்றால் என்ன என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒரு சாலைக்கு வழங்கப்படும் வகைப்பெயரும் எண்ணும், அது எவ்வளவு அகலமானது அல்லது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்வதைவிட, அதற்கு யார் பொறுப்பு என்பதையே முதன்மையாகச் சொல்கின்றன. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எந்தப் பொருளில் யார் சட்டம் இயற்றலாம் என்பதைப் பட்டியல்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ அதன் கீழோ தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்டவை ஒன்றியப் பட்டியலின் 23ஆம் இனத்தில் அடங்கும். மற்றச் சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனத்தில் வருகின்றன. ஆகவே, மத்திய அரசு தனியே அறிவித்து எடுத்துக்கொள்ளாத வரையில் எந்தச் சாலையும் மாநிலத்தின் பொறுப்புதான். அப்படி எடுத்துக்கொள்வதற்கான வழிமுறையை 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வகுத்தது.

சாலைகளைத் தரவாரியாகப் பிரிக்கும் எண்ணம் அதற்கும் முந்தையது. 1943இல், பல்வேறு மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் சேர்ந்த தலைமைப் பொறியாளர்கள் நாக்பூரில் கூடி, அடுத்த 20 ஆண்டுகளுக்கான சாலைத் திட்டத்தை வகுத்தார்கள். நூறு சதுர கி.மீ. நிலப்பரப்புக்குச் சராசரியாக 16 கி.மீ. சாலை இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. நாட்டின் பெருநகரங்களையும் துறைமுகங்களையும் இணைப்பவை, மாகாணத்துக்குள் முக்கிய நகரங்களை இணைப்பவை, மாவட்டச் சாலைகள், கிராமச் சாலைகள் என்ற அடுக்குமுறை அங்கேதான் உருப்பெற்றது. இன்று தமிழ்நாட்டில் வழங்கும் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஊராட்சிச் சாலை ஆகிய பெயர்கள் அந்த அடுக்குமுறையின் தொடர்ச்சியே.

இந்த வரிசையில் மாநில நெடுஞ்சாலைக்கு உரிய வேலை என்ன? மாவட்டத் தலைநகரங்களையும், தொழில், வழிபாடு, சுற்றுலா ஆகியவற்றால் முக்கியத்துவம் பெற்ற ஊர்களையும், சிறு துறைமுகங்களையும் ஒன்றோடொன்றும் தேசிய நெடுஞ்சாலைகளோடும் இணைப்பது அதன் வேலை. இந்தத் தகுதி நிலையானதும் அல்ல. போக்குவரத்து பெருகும்போது மாவட்ட முக்கியச் சாலை ஒன்றை மாநில நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்தி அரசு ஆணை பிறப்பிக்கிறது. மாநில நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்படுவதும் உண்டு. அப்படித் தரம் உயரும் நாளில் தார்த்தளத்தில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. எந்த அலுவலகம் மதிப்பீடு தயாரிக்கும், எந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்து பணம் வரும், எந்தச் சட்டத்தின்படி நிலம் எடுக்கப்படும் என்பவைதான் மாறுகின்றன. மக்களுக்கு வெளியே தெரியாத மாற்றம் என்றாலும், சாலையின் எதிர்காலத்தை நிர்ணயிப்பது அதுவே.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் நெடுஞ்சாலைத் துறை 1946இல் தனித் துறையாகத் தொடங்கப்பட்டது. கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர், சாலை ஆய்வாளர் என்று இறங்கும் வரிசையின் கடைசியில், மண்வெட்டியோடும் கூடையோடும் சாலையோரப் புதரை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் சாலைப் பணியாளர் இருக்கிறார். ஒரு நெடுஞ்சாலை மழைக்காலத்தைத் தாங்கி நிற்பது அந்தக் கடைசி மனிதரின் உழைப்பால்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

சாலையோரக் கற்களைப் பார்த்தும் வகையை அறியலாம். கி.மீ. கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. எண்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபோது ஓர் ஒழுங்கு பின்பற்றப்பட்டது. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண்களைப் பெற்றன; அவை கிழக்கிலிருந்து மேற்காகக் கூடிக்கொண்டே போகும். கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண்களைப் பெற்றன. அவை வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். கிளைச்சாலைகளுக்கு மூன்று இலக்க எண் தரப்பட்டது. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் எந்தத் தாய்ச்சாலையிலிருந்து அது பிரிகிறது என்பதைக் காட்டும். மாநில நெடுஞ்சாலை எண்களில் இப்படிப்பட்ட திசைக் கணக்கு இல்லை. 49க்கு அருகில் 49ஏ இருப்பது மட்டும் இரண்டும் தொடர்புடையவை என்று சொல்கிறது: 49ஏ என்பது மத்திய கைலாசத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை, இன்றைய ராஜீவ் காந்தி சாலை.

இனி, 49ஆம் எண் சாலை எப்படி உருவானது என்று பார்ப்போம். சோழமண்டலக் கடற்கரை பழமையான பட்டினங்களைக் கொண்டது என்பதால், அவற்றை இணைக்கும் கரையோரப் பெருவழியும் பழமையானதாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை நிலை வேறு. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை, கடலை விட்டு விலகி, செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று உள்நாட்டின் வழியாகவே போயிற்று. காரணம் நீர்தான். கரையோரமாகத் தெற்கே செல்பவர் முட்டுக்காட்டில் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும்; வாயலூர் அருகே பாலாற்றைக் கடக்க வேண்டும்; அதற்கும் தெற்கே இடையன்திட்டுக் கழிமுகமும் மரக்காணத்துக் கழிகளும் குறுக்கே கிடக்கும். பாலம் கட்டும் வசதி இல்லாத காலத்தில், இவற்றைவிட உள்நாட்டில் ஆற்றைக் கடப்பதே எளிது. அதனால் கடற்கரை ஊர்களுக்கான வழிகள் உள்நாட்டுப் பெருஞ்சாலையிலிருந்து சீப்பின் பற்களைப் போலக் கிழக்கு நோக்கி நீண்டன. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒன்று, மதுராந்தகத்திலிருந்து செய்யூருக்கு ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு ஒன்று என்று அவை இருந்தன.

இந்த அமைப்பின் பழமைக்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணனுக்குக் காட்டப்படும் வழி, கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் தொடங்கி, இடைவழியிலிருந்த வேலூர், ஆமூர் என்னும் ஊர்களைக் கடந்து, ஓய்மான் நல்லியக்கோடன் என்ற சிற்றரசனின் கிடங்கிலைச் சென்றடைகிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்தது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணரின் வண்டிகளும் அந்த நூலில் வருகின்றன. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பும் மீனும் போக, அங்கிருந்து நெல் கரைக்கு வரும் பண்டமாற்றுதான் அந்த வழிகளை உயிரோடு வைத்திருந்தது. மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன, திண்டிவனம் சாலையில் இன்றும் உப்பு லாரிகள் போகின்றன என்பதை நினைத்தால், ஒரு வழித்தடத்தின் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பது புலப்படும்.

கரையோரமாகவே வடக்கு தெற்காகச் செல்லும் முதல் பெரிய போக்குவரத்து வழி, நிலத்தில் அமையாமல் நீரில் அமைந்தது. சென்னைக்கு வடக்கே 1806இல் தொடங்கப்பட்ட கால்வாய் சிறிது சிறிதாக நீட்டிக்கப்பட்டு, கழிகளையும் காயல்களையும் இணைத்துக்கொண்டு, தெற்கே மரக்காணம் வரை வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் வெட்டப்பட்ட பகுதி, வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் ஒன்றாக்கியது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. விறகு, உப்பு, நெல் ஆகியவற்றை ஏற்றிய படகுகள் பல தலைமுறைகளாக இதில் ஓடின. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரிப் போக்குவரத்து வளர்ந்துவிட்டதால் அதை மீட்டெடுக்கும் முனைப்பும் இல்லாமற்போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மேற்குப் பக்கத்தில் பல இடங்களில் தெரியும் நீர்ப்பரப்பு அந்தக் கால்வாயும் அதோடு சேர்ந்த கழிகளும்தான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கால்வாய், நடுவில் குறுகிய மணல்மேடு: இந்த இடத்தில்தான் சாலை வந்து அமர்ந்தது.

1990களில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, சென்னையையும் கடலூரையும் கரையோரமாக இணைக்கும் சாலை எடுத்துக்கொள்ளப்பட்டது. முழுக்கப் புதிதாக வெட்டப்பட்ட சாலையாக இதைக் கருதக்கூடாது. மீனவர் குப்பங்களுக்கும் கரையோரச் சிற்றூர்களுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த குறுகிய சாலைகள் பலவற்றை இணைத்து, வளைவுகளை நிமிர்த்தி, விடுபட்ட இடங்களில் பாலமும் புதுத்தளமும் அமைத்துத்தான் ஒரே தொடராக்கினார்கள். சாலை இன்றும் சில ஊர்களின் நடுவே போவதற்கும், வீட்டுவாசல்கள் நேரே நெடுஞ்சாலையில் திறப்பதற்கும் காரணம் இந்தப் பிறப்புதான். ஊர் பின்னால் வந்து சாலையை ஆக்கிரமித்தது என்று பயணிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பல இடங்களில் ஊரே முந்தியது. அதன் தெருதான் நெடுஞ்சாலை ஆயிற்று.

இந்தச் சாலையின் அடுத்த கட்டம் நிர்வாக வகையில் முக்கியமானது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனமும் சேர்ந்து 1998இல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அக்கரைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான ஏறத்தாழ 113 கி.மீ. சாலையை மேம்படுத்திப் பராமரிக்கும் பொறுப்பு அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2002 மார்ச்சில் சுங்க வசூல் தொடங்கியது. இங்கே தொடக்கநிலை வாசகர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. சுங்கச்சாவடி இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மாநில அரசும் தன் சாலையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தின் மூலம் வழங்கலாம். சாலையின் உடைமை அரசிடமே இருக்கும். இந்தச் சாலையின் உத்தண்டிச் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துபவர் மாநிலத்தின் ஏற்பாட்டின் கீழ்தான் செலுத்துகிறார்.

வழியை இப்போது வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துவிடலாம். திருவான்மியூரைத் தாண்டியதும் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் ஆகியவை வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் சவுக்குத் தோப்புகளும் மீனவர் குடியிருப்புகளுமாக இருந்த இந்த ஊர்கள் இன்று மாநகராட்சியின் பகுதிகள். கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. திருவான்மியூர் முதல் அக்கரை வரையிலான பகுதிக்கு 2022இல் முத்தமிழறிஞர் கலைஞர் கருணாநிதி சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. அக்கரை, பனையூர், உத்தண்டி, கானத்தூர் ஆகியவற்றுக்குப் பின் முட்டுக்காடு வருகிறது.

முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்று பார்த்தால், இந்தச் சாலை ஏன் அவ்வளவு காலம் உருவாகாமல் இருந்தது என்பது கண்ணுக்கே தெரியும். கோவளம் உப்பங்கழி கடலோடு சேரும் முகத்துவாரம் அது. மழைக்காலத்தில், தென்சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகளிலிருந்தும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலிருந்தும் வழியும் நீர் பக்கிங்காம் கால்வாயின் வழியாக இங்கே வந்துதான் கடலில் விழுகிறது. வறண்ட மாதங்களில் மணல் திரண்டு முகத்துவாரம் அடைபடுகிறது. வெள்ளம் வரும்போது அதை வெட்டிவிடுகிறார்கள். இப்படி இடம் மாறும் நீரின் மேல் நிலையான பாலம் கட்டிய பிறகுதான் சாலை தொடர்ச்சி பெற்றது. பாலத்தைக் கடந்தால் கோவளம். ஆர்க்காட்டை ஆண்ட கர்நாடக நவாபின் காலத்தில் அங்கே எழுந்த கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1752இல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தார்.

நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் கொண்ட திருவிடந்தை, 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கும் வடநெம்மேலி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அமைந்த நெம்மேலி, புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பம் ஆகியவற்றைக் கடந்து மாமல்லபுரத்தை அடைகிறோம். பல்லவர் கால நினைவுச்சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. அதற்கும் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும், பக்கத்திலேயே டச்சுக்காரர் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டையும் இருக்கின்றன. அடுத்து வாயலூரில் பாலாற்றுப் பாலம். கர்நாடகத்தில் தோன்றி ஆந்திரத்தைத் தொட்டு வரும் பாலாறு இங்கே கடலை நெருங்குகிறது; ஆண்டின் பெரும்பகுதியில் அது மணற்பரப்புதான் என்றாலும், பாலத்தின் நீளம் ஆற்றின் உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

கூவத்தூரைக் கடந்து கடப்பாக்கம் வந்தால், கிழக்கே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. துறையும் நாணயச்சாலையும் இருந்த அந்த இடம் 1750இல் பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேக்குக் கொடுக்கப்பட்டது; பத்து ஆண்டுகளில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிறகு மரக்காணம். உப்பளங்களுக்கு நடுவே சாலை நேராகச் செல்லும் அந்தப் பகுதியில் மேற்கே கழுவேலி ஏரி விரிந்து கிடக்கிறது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இந்த ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. என் பார்வையில், வழி முழுவதிலும் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டிய பகுதி இதுவே. பெரும்பாலோர் மாமல்லபுரத்தோடு பார்வையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

காலாப்பட்டில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. பல்கலைக்கழகம் இருப்பது இங்கேதான். ஆனால், அது தொடர்ச்சியான எல்லையாக இல்லை. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஊர்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததால், காலாப்பட்டைக் கடந்ததும் மீண்டும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வருகிறது. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் ஆகியவற்றைத் தாண்டினால்தான் புதுச்சேரி நகரம். சில கி.மீ. தூரத்துக்குள் இரண்டு அரசுகளின் எல்லைகளை மாறி மாறிக் கடக்கும் இத்தகைய சாலையில், ஒரு சிறிய பாலத்தைப் பழுதுபார்க்கக்கூட எந்த அலுவலகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே வழி கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று தொடர்ந்து, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, இராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடியை எட்டுகிறது. இதில் நாகப்பட்டினம் வரையிலான பகுதி பழைய எண்முறையிலேயே 45ஏ என்ற தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே தூத்துக்குடி நோக்கிச் செல்லும் பகுதி, உலக வங்கியின் கடனுதவியோடு 2003இல் தொடங்கிய தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில் மேம்படுத்தப்பட்டது. இன்று புதுச்சேரி முதல் தூத்துக்குடி வரையிலான நீண்ட வழி தேசிய நெடுஞ்சாலை 32இன் பகுதியாக இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரையிலான பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ. முன்பு சொன்ன எண்முறையை நினைவுபடுத்திக்கொண்டால், 32இன் கிளை என்பது எண்ணிலேயே தெரிகிறது. 32 என்பது இரட்டைப்படை என்பதால், அது வடக்கு தெற்காகச் செல்கிறது என்பதும் தெரிகிறது.

மாநிலம் ஏன் தன் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைக்கிறது? முதன்மையான காரணம் பணம். இதைப் புரிந்துகொள்ளச் சாலையின் கொள்ளளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிய வேண்டும். பொறியாளர்கள் வாகனங்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காரை ஓர் அலகு என்று வைத்து, லாரியையும் பேருந்தையும் மூன்று அலகுகளாகவும், இருசக்கர வாகனத்தை ஓர் அலகுக்கும் குறைவாகவும் கணக்கிடுகிறார்கள். சமவெளியில் 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 அலகுகளைத் தாங்கும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டு நெறி சொல்கிறது. அதற்கு மேல் போனால் முந்திச்செல்ல இடைவெளி கிடைக்காது. நேருக்கு நேர் மோதும் விபத்துகள் கூடும். வார இறுதிகளில் சென்னையே கடற்கரை நோக்கிக் கிளம்பும் ஒரு சாலையில் இந்த வரம்பு விரைவில் மீறப்பட்டது. அக்கரைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் நான்கு வழியாக விரிவாக்கம் நடந்தது. மீதியை மாநிலமே செய்வதற்குப் பதிலாக, தேசிய நெடுஞ்சாலையாக்கி மத்திய நிதியில் செய்யும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. மாமல்லபுரம் முதல் முகையூர் வரை, அங்கிருந்து மரக்காணம் வரை, அங்கிருந்து புதுச்சேரி வரை என்று பணி பிரிக்கப்பட்டது. கடைசியிலுள்ள 46 கி.மீ. பகுதிக்கு, ரூ.2,157 கோடி மதிப்பீட்டில், 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கலப்பு ஆண்டுத்தொகை முறையில் இது நடைபெறும். கட்டுமானக் காலத்தில் செலவின் 40 விழுக்காட்டை அரசு கொடுக்கும். மீதியை ஒப்பந்த நிறுவனம் முதலீடு செய்து, பின்னர் ஆண்டுதோறும் தவணையாக அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும்.

அகலப்படுத்துவது என்றால் நிலம் வேண்டும். மாநில நெடுஞ்சாலைக்கான நிலத்தை 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி எடுக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். மாநிலச் சட்டம் 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிக்கலுக்குள்ளாகி, அதே ஆண்டில் சட்டமன்றம் இயற்றிய மீட்புச் சட்டத்தால் உயிர்பெற்று, 2021இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் முதலிய பகுதிகளில் ஆறுவழிப் பணி மெதுவாக நகர்ந்ததற்கு, ஒவ்வொரு மனையாக நிலம் எடுக்க வேண்டியிருந்தது பெரிய காரணம். அங்கேயே திருவான்மியூர் முதல் உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை ஒன்றையும் மாநில அரசு திட்டமிட்டிருக்கிறது.

கடற்கரைச் சாலை என்பதால் வேறு கட்டுப்பாடுகளும் சேர்கின்றன. 1991இல் முதலில் வெளியாகி, பின்னர் 2011இலும் 2019இலும் மாற்றி வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் செய்யப்படும் வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது. கழிகளின் ஓரங்களும் அதில் அடங்கும். வெறும் சட்ட நடைமுறையாக இதைப் பார்ப்பது தவறு. மேற்கிலிருந்து வரும் மழைநீர் கடலுக்குப் போகும் பாதையில் குறுக்கே கிடக்கும் கரைதான் இந்தச் சாலை. சிறுபாலங்களும் குழாய்ப் பாலங்களும் போதாவிட்டால் மேற்குப் பக்கத்து வயல்களும் ஊர்களும் மூழ்கும். போதுமான அளவு இருந்தும் தூர்ந்துபோனால் அதே கதிதான். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலும், 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகிலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகிலும் கரையைக் கடந்தன. இவை மூன்றும் இந்த வழித்தடத்தின் மேலேயே வந்தவை. ஆகவே, இங்கே சாலையை எவ்வளவு அகலமாகப் போடுகிறோம் என்பதற்கு நிகரான கவனம், அதன் அடியில் எவ்வளவு நீர்வழி விடுகிறோம் என்பதற்கும் தரப்பட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அகலமான சாலையை மீனவக் குடும்பங்கள் வேறு விதமாக எதிர்கொள்கின்றன. குப்பம் கிழக்கே இருக்கும். பள்ளிக்கூடம், நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை பெரும்பாலும் மேற்கே இருக்கும். நடுத்தடுப்பு கட்டப்பட்ட பிறகு, முன்பு நேரே கடந்த பெண்களும் பிள்ளைகளும் திறப்பு இருக்கும் இடம் வரை சுற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. சுற்ற மனமில்லாமல் தடுப்பைத் தாண்டிக் குதிப்பவர்களைக் குறை சொல்வதற்கு முன், கடக்கும் வசதி எங்கே அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே நியாயம்.

சாலையில் பள்ளத்தையோ எரியாத விளக்கையோ உடைந்த தடுப்பையோ பார்க்கும் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது, தாம் நிற்கும் இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறது என்று கண்டுகொள்வது. பச்சைத்தலைக் கல்லும் மாநில எண்ணும் இருந்தால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். 2023இல் அத்துறை தொடங்கிய 'நம்ம சாலை' செயலியிலும் படத்தோடு புகார் பதியலாம். சுங்கம் வசூலிக்கும் பகுதி என்றால், சாவடியிலுள்ள அறிவிப்புப் பலகையில் பராமரிக்கும் நிறுவனத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கும். மஞ்சள்தலைக் கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. புதுச்சேரி எல்லைக்குள் என்றால் அந்த அரசின் பொதுப்பணித் துறை. புகாரில் ஊர்ப்பெயரோடு அருகிலுள்ள கல்லில் எழுதியிருக்கும் கி.மீ. எண்ணையும் குறிப்பிட்டால், அந்த இடத்துக்குப் பொறுப்பான சாலை ஆய்வாளரிடம் அது தடுமாறாமல் போய்ச் சேரும்.